கறி வைக்காத ரோல்ஸ்

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருடங்களாக மனத்துக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். எழுதினால், விரதத்தைக் குறை சொல்கிறான் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். முருகனைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நான் இருந்து சாப்பிடுகிற சாப்பாடே அவன் தந்தது. இன்னொரு தயக்கம், நான் அதிகம் படித்தவனில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மொன்றியலில், கந்தசஷ்டி நாட்களில் நடந்தது இது. வில்லரே பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் சமையல்கூடம் இருக்கிறது. கிச்சின் என்றுதான் எல்லோரும் சொல்லுவோம். ரோல்ஸ், கட்லட், வடை, இடியப்பம் செய்து தமிழ்க் கடைகளுக்கும் விழா மண்டபங்களுக்கும் கொடுக்கிறோம். நான், என் மனைவி, வேலைக்கு ஐந்து பெண்கள். அவ்வளவுதான் எங்கள் தொழில்.

முதலாளி என்று என்னை யாராவது சொன்னால், யாரைச் சொல்கிறார்கள் என்று இன்றைக்கும் திரும்பிப் பார்ப்பேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அந்த முதலாளிக்கு வாயைத் திறந்தால் சத்தம்தான். ஒரு நாள் கோப்பை ஒன்று உடைந்ததற்கு எல்லார் முன்னாலும் என்னை அப்படிப் பேசினான். எனக்குக் கீழே எப்போதாவது நாலு பேர் வேலை செய்தால் நான் ஒருநாளும் குரலை உயர்த்தக் கூடாது என்று அன்று முருகனிடம் சொல்லிக்கொண்டேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றியும் வந்தேன். சத்தம் போடாதவன் நல்ல முதலாளி. ஆட்களை நடத்துவது பற்றி எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

கந்தசஷ்டி வந்தால் ஆறு நாளும் எங்கள் அடுப்பில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, ஏறாது. கடைக்காரர்கள் முணுமுணுப்பார்கள், மரக்கறி ரோல்ஸ்தான் போகும். நான் பகல் முழுக்கப் பாலும் பழமுமாக விரதம் இருப்பேன். முதல் நாள் காலையில் கிச்சினிலுள்ள முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, எல்லோரையும் பார்த்துக் கேட்பேன்.

"இண்டைக்கு ஆர் ஆர் விரதம்?"

விரதம் என்று சொல்பவர்களுக்கு நான் ஒரு சலுகை வைத்திருந்தேன். அவர்கள் மேசையடியில் உட்கார்ந்து வேலை செய்யலாம். ரோல்ஸ் சுற்றுவது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் இருந்து செய்கிற வேலை. விரதம் இல்லாதவர்கள் எண்ணெய்த் தாச்சியடியில் நின்று பொரிக்க வேண்டும். பசியோடு இருப்பவர்களை நெருப்படியில் நிற்க விடுவதா என்ற இரக்கம்தான். வேறு எந்த எண்ணமும் இல்லை. மத்தியானம் அவர்களுக்கு என் கையாலேயே பாலும் வாழைப்பழமும் கொடுப்பேன்.

முதல் வருடம் இரண்டு பேர் விரதம் என்றார்கள். அடுத்த வருடம் மூன்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னேரம் டொலார்ட் பக்கம் கோயிலுக்குப் போனால், "எங்கட கிச்சினில இப்ப எல்லாரும் விரதம்" என்று தெரிந்தவர்களிடம் சொல்லுவேன். அது முழு உண்மையில்லை. எங்களோடு வேலை செய்கிற மூத்த அக்கா ஒருவர் மட்டும் ஒருநாளும் விரதம் இருந்ததில்லை. என்னைவிட வயதில் பெரியவர். கிச்சினில் என்னைத் தம்பி என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

"தம்பி, எனக்கு முருகனோட ஒரு கோவமும் இல்லை. வயிறுதான் அவரோட ஒத்துப்போகுதில்லை. நான் தாச்சியில நிக்கிறன், விடுங்கோ" என்று பாண் துண்டைக் கடித்துக்கொண்டே சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள்.

இது நடந்த வருடம் கோடையில் மன்னாரைச் சேர்ந்த ஒரு தங்கை புதிதாக வேலைக்கு வந்திருந்தாள். கழுத்தில் செபமாலை போட்டிருப்பாள். வேதக்காரப் பிள்ளை. கணவன் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறவன். சின்ன மகள் கார்டறியில், அதாவது பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில். வேலையில் கை சுத்தம். ஒரு சொல் அதிகம் பேச மாட்டாள்.

சஷ்டி முதல் நாள் நான் வழக்கம்போலக் கேட்டேன். கைகள் உயர்ந்தன. அவளுடைய கையும் உயர்ந்தது.

"நீங்களுமோ?" என்றேன்.

"ஓம் அண்ணை. நானும் பிடிக்கிறன்."

மூத்த அக்கா சும்மா விடுவாரா? "ஏனடி பிள்ளை, உங்கட பாதர் பேச மாட்டாரே?"

"பாதருக்கு ஆர் அக்கா சொல்லப் போகினம்? நீங்கள் சொல்லாட்டிச் சரி."

கிச்சின் முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. முருகன் இந்தப் பிள்ளையையும் கூப்பிட்டுவிட்டான் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகும்போது காரில் மனைவியிடம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

மனைவி முழுவதையும் கேட்டாள். பிறகு, "இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளை ஏன் பிடிக்கிறா எண்டு கேட்டனீங்களோ?" என்றாள்.

"விரதத்துக்குக் காரணம் கேக்கிறதோ? அது அவரவர் நேர்த்தி. வெளியில சொன்னால் பலிக்காது."

நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். யார் என்ன நேர்த்திக்கு விரதம் இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் கேட்பதில்லை. 

மூன்றாம் நாள் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் பெரிய ஓடர். மாலையில் கொடுக்க வேண்டியதை மத்தியானமே வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். வெளியே அந்த வருடத்து முதல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மனைவி வான் வண்டியில் வடைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கடைகளுக்குப் போயிருந்தாள். நான் எல்லோரையும் பார்த்து, "இண்டைக்கு பிறேக் பிந்தித்தான். இதை முடிச்சுப்போட்டுப் பால் குடிப்பம்" என்றேன். ஒருவரும் மறுத்துச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நானே பட்டினியாகத்தானே நிற்கிறேன்!

மன்னார்த் தங்கையின் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது. எண்ணெயடியில் நிற்கிற மூத்த அக்காவுக்குக்கூட அவ்வளவு வேர்வை இல்லை. விரதக் களைப்பு என்று நினைத்தேன். கிட்டப் போய், "இன்னும் கொஞ்ச நாள்தான். தாக்குப்பிடியுங்கோ தங்கச்சி. முருகன் பலன் தருவான்" என்றேன். இந்த வார்த்தை இன்றைக்கும் சில நேரம் காதில் கேட்கும்.

கொஞ்ச நேரம் போனது. சுற்றிய ரோல்ஸ் தட்டு நிறைந்துவிட்டது, ஆனால் அவள் அதை எண்ணெயடிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டிருந்தாள். "தங்கச்சி, அந்தத் தட்டைத் தாங்கோவன்" என்றேன். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதாக இருந்தது.

"நீ ஆரடா என்னைக் கேக்க? போடா அங்கால" என்றாள்.

சுற்றிக்கொண்டிருந்த கைகள் நின்றன.  என் வயதுக்கு, என் இடத்தில், என் முருகன் படத்துக்கு முன்னால், இத்தனை பேர் பார்க்க. கோப்பை கழுவிய நாளில் வந்த அதே அவமானம் உச்சந்தலை வரை ஏறியது. ஆனாலும் நான் சத்தம் போடவில்லை. அதுதான் பிழை என்று இப்போது தெரிகிறது. சத்தம் போட்டிருந்தால் நாலு பேர் ஓடி வந்து அவளைப் பிடித்துப் பார்த்திருப்பார்கள். நான் மெதுவான குரலில், மரியாதையாக, "ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வீட்டை போங்கோ. நாளைக்குக் கதைப்பம்" என்றேன்.

அவள் எழுந்தாள். ஜக்கெற்றை எடுத்தாள். ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அவளுடைய தட்டைத் தூக்கினேன்.

தட்டு காற்றைப் போல இருந்தது.

ரோல்ஸ் செய்கிறவர்களுக்குக் கைதான் தராசு. நிறைந்த தட்டு எவ்வளவு கனக்கும் என்று கைக்குத் தெரியும். ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. உள்ளே வைக்கிற கிழங்குக் கறி இல்லை. அடுத்ததையும் விரித்தேன். அதிலும் இல்லை. வேண்டுமென்று செய்திருக்கிறாள் என்றுதான் முதலில் கோபம் வந்தது. மூன்றாவதையும் நாலாவதையும் விரித்துப் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அவ்வளவு அழகாகச் சுற்றப்பட்டிருந்தது. ஓரம் மடித்து, மாப்பசை தடவி, ஒரே அளவாக. ஒருவர் கோபத்தில் இப்படிச் செய்ய முடியாது. கை பழக்கத்தில் வேலை செய்திருக்கிறது. ஆள் அங்கே இருக்கவில்லை.

"முருகா!" என்று கத்திவிட்டேன். அந்தக் கிச்சினில் நான் முதல் தரம் போட்ட சத்தம் அது. தலையில் வலைத்தொப்பியும் இடுப்பில் ஏப்ரனுமாக அப்படியே படியேறி ஓடினேன்.

பஸ் தரிப்பிடத்தில் அவள் இல்லை. மெத்ரோ பக்கம் ஓடினேன், அங்கும் இல்லை. திரும்பி எதிர்த் திசையில் ஓடி வந்தபோது, மூலையிலிருந்த டெப்பனர் கடையின் சுவரோடு, பனிக்குள் கால் நீட்டி இருந்தாள். ஜக்கெற் திறந்தபடி. பனி அவள் தலைமயிரில் விழுந்து, உருகி, முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. "தங்கச்சி, தங்கச்சி" என்று உலுக்கினேன். ஏதோ முனகினாள்.

கடைக்கார அம்மா வெளியே ஓடி வந்தா. கியூபெக் வெள்ளைக்கார அம்மா. அவவிடம் நான் அதற்கு முன் பால் வாங்கி "மெர்சி" சொன்னதோடு சரி. அவவே அம்புலன்சுக்கு அழைத்தா. தொலைபேசியில் அந்தப் பக்கம் கேட்டதை என்னிடம் திருப்பிக் கேட்டா. இந்தப் பெண் உனக்கு யார்? என் வேலையாள் என்றேன். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறதா? தெரியாது. ஏதாவது மருந்து எடுக்கிறாளா? தெரியாது. கடைசியாக எப்போது சாப்பிட்டாள்?

அது ஒன்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அதை என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குள் மூத்த அக்கா பனிக்குள் வழுக்கி வழுக்கி ஓடி வந்துவிட்டார். தூரத்திலிருந்தே கத்தினார், "தம்பி, அவள் ஊசி போடுறவள்! சீனி! சீனி குடுக்கச் சொல்லுங்கோ!"

"உங்களுக்குத் தெரியுமோ?"

"எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

"ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

"ஊசி போடுறவள் விரதம் எண்டு கை தூக்கேக்கை, எங்களுக்கும் பயமாத்தான் கிடந்தது. நீங்கள் கண்கலங்கிப்போய் நிக்கிறியள். ஆர் வந்து குழப்பிறது, சொல்லுங்கோ?"

விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் ஜூஸ் கொடுக்கத் தொலைபேசியில் சொன்னார்கள். கடைக்கார அம்மா தோடம்பழ ஜூஸ் போத்தலைத் திறந்து தந்தா. மூத்த அக்கா அவளைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, நான் சிறிது சிறிதாகக் கொடுத்தேன். முதல் வாய் வெளியே வழிந்தது. அடுத்தது உள்ளே போனது. என் வாய் தன்பாட்டில் சஷ்டிக் கவசத்தை முணுமுணுத்தது, மூத்த அக்கா, "குடியடி பிள்ளை, குடியடி என்ர ராசாத்தி" என்று அழுதார். பாதிப் போத்தல் போன பிறகு அவள் கண் அசைந்தது. என்னைப் பார்த்தாள். இந்தத் தரம் என்னைத் தெரிந்துகொண்டாள். என் கையிலிருந்த போத்தலையும் பார்த்தாள்.

"அண்ணை, விரதம் போச்சுது" என்றாள், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"போகட்டும் தங்கச்சி. போகட்டும்" என்றேன். போத்தலைத் திரும்பவும் அவள் வாயில் வைத்தேன்.

அம்புலன்சில் விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். இன்சுலின் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாததால் சீனி நன்றாக இறங்கி, அவள் தன்னையறியாமல்தான் அப்படிப் பேசியிருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பெரிய ஆபத்து என்று அம்புலன்ஸ் பெடியன் பிரெஞ்சில் சொன்னது, அரைகுறையாகத்தான் பிரெஞ்சு விளங்குகிற எனக்கும் விளங்கியது. பஸ்ஸில் ஏறியிருந்தால் நித்திரை கொள்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அவள் கணவன் றப்பர் சப்பாத்தோடு சந்தையிலிருந்து நேரே ஓடி வந்தான். உடுப்பிலெல்லாம் முட்டைக்கோவாத் தழை. என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று எழுந்து நின்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன அண்ணை நடந்தது? சாப்பிடேல்லையாமே?" என்றான்.

"சஷ்டி விரதம் தம்பி. அவவும் பிடிச்சவ."

அவன் முகத்தில் குழப்பம். பிறகு மெதுவாக விளங்கியது போலிருந்தது. "அதுக்குத்தானோ... அண்ணை, அவளுக்குக் கால் ஏலாது. சீனியால அடிப்பாதம் எரியும். நிண்டு வேலை செய்தால் இரவிரவா நித்திரை இல்லை. விரதக்காரருக்கு இருந்து செய்யிற வேலை குடுப்பினம் எண்டு அங்க ஆரோ சொன்னவையாம். எனக்கு அதைச் சொல்லிச் சிரிச்சவள். சும்மா ஒரு பேச்சுக்கு எண்டு நான் விட்டிட்டன்."

"கால் ஏலாது எண்டு எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"புதுசாச் சேர்ந்தவள் அண்ணை. வருத்தக்காரி எண்டு தெரிஞ்சால் நிப்பாட்டிப் போடுவியள் எண்டு பயம்."

அப்படியானால் ஒளித்தாவது சாப்பிட்டிருக்கலாமே என்று எனக்கு மனத்துக்குள் ஓடியது. அதையும் பிறகு அவளே சொன்னாள். "படத்துக்கு முன்னால கை தூக்கினனான் அண்ணை. எந்தச் சாமியெண்டாலும் சாமிதானே. எப்பிடி ஒளிச்சுச் சாப்பிடுறது?" முதல் இரண்டு நாளும் நான் கொடுத்த பாலும் பழமும்தான் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. மூன்றாம் நாள் அதையும் நான் பிந்த வைத்தேன்.

பின்னேரம் டொக்டர் வெளியே வந்து, பயமில்லை, இன்றிரவு மட்டும் வைத்துப் பார்க்கிறோம் என்றார். நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, பனி கொட்டிக்கொண்டிருக்க, செருப்பைக் கழற்றிவிட்டு முருகனைக் கும்பிட்டேன். ஏப்ரனோடும் வலைத்தொப்பியோடும் வெறுங்காலில் பனியில் நின்ற என்னைப் பார்த்து ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள். எனக்குக் குளிரவே இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல்லை யாரோ தூக்கியெடுத்த மாதிரி இருந்தது.

அடுத்த நாள் காலையில் செய்த முதல் வேலை, எல்லோரும் இருந்து வேலை செய்ய உயரமான கதிரை வாங்கிப் போட்டதுதான். தாச்சியடிக்கும் ஒன்று. மூத்த அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "இவ்வளவு நாளும் இதைக் கடையில வித்தவங்கள்தானே தம்பி?" என்று கேட்டார். 

காலை இடைவேளைக்குப் பாணும் சம்பலும் பிளேன்டீயும் மேசையில் வைத்தேன். "விரும்பினவை சாப்பிடுங்கோ. விரும்பாதவை விடுங்கோ. நான் ஒண்டும் கேக்க மாட்டன்" என்றேன். மூத்த அக்காவைத் தவிர ஒரு கையும் நீளவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. நான் வாயால் சொல்வதை அவர்கள் கேட்கவில்லை. என் வயிற்றைப் பார்க்கிறார்கள். அது காய்ந்து கிடக்கும் வரை அந்தப் பாண் அப்படியேதான் இருக்கும்.

என் குடும்பம் இலங்கையிலிருந்து என்னிடம் வந்து சேர்ந்த வருடத்திலிருந்து ஒருமுறைகூட விடாமல் பிடித்த விரதம். படத்தைப் பார்த்தேன். "அப்பனே, நீ கோவிக்க மாட்டாய்" என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு, ஒரு துண்டுப் பாணைச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தேன்.

மூத்த அக்கா கையைத் தட்டினார். "ஐயோ, இந்த முறை சூரன் தப்பிட்டான்!"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும். சிரித்துக்கொண்டே இரண்டு பேர் பாணுக்குக் கை நீட்டினார்கள். அவர்கள் சாப்பிட்ட வேகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிச்சின் முழுக்க விரதம் என்று நான் கோயிலில் சொன்ன பெருமைக்கு அடியில் இவ்வளவு பசி இருந்திருக்கிறது. ஒருத்தி மட்டும் எடுக்கவில்லை. "எனக்கு உண்மையான நேர்த்தி அண்ணை, குறை நினையாதேங்கோ" என்றாள். அவளுடைய விரதம்தான் அன்று எனக்கு விரதமாகத் தெரிந்தது.

சூரன்போருக்கு அந்த வருடமும் கோயிலுக்குப் போனேன். சாப்பிட்ட வயிற்றோடு எப்படி முகத்தைப் பார்ப்பது என்று பயந்துதான் போனேன். திரை விலகியபோது அவன் முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதே சிரிப்பு.

இப்போது நான் சஷ்டிக்கு ஒருபொழுதுதான் பிடிக்கிறேன். அந்த ஒரு நேரச் சாப்பாட்டை மத்தியானம் கிச்சினில் எல்லோரோடும் இருந்து சாப்பிடுகிறேன். யார் விரதம் என்று கேட்பதில்லை. புதிதாக யாராவது வேலைக்கு வந்தால் மனைவி தனியே கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி கொடுத்து, என்ன வருத்தம், எது ஏலாது என்று கேட்கிறாள். என்னிடம் சொல்லாதது அவளிடம் வரும். மன்னார்த் தங்கை சுகமாகி வந்து இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள். அடுக்குகிற மேசை இப்போது அவள் பொறுப்பு. இடைவேளை பிந்தினால், "அண்ணை, பேந்து நான் உங்களைப் போடா எண்டு சொன்னால் குற்றமில்லை" என்று எல்லார் முன்னாலும் சொல்லுவாள்.

எழுதுங்கள் என்று சொன்னதும் அவள்தான். ஏனென்றால் இந்தக் கதை எங்கள் ஆட்களிடையே வேறு விதமாக நடமாடுகிறது. வேதக்காரி விளையாட்டுக்கு விரதம் பிடித்தாள், முருகன் தண்டித்துவிட்டான் என்கிறார்கள் சிலர். அந்த முதலாளி வேலைக்காரரைப் பட்டினி போட்டு வேலை வாங்கினான் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் நடக்கவில்லை. "உள்ளதை எழுதுங்கோ அண்ணை. என்ர பேர் மட்டும் வேண்டாம்" என்றாள்.

ஆகவே வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் இருந்தாலோ, ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களை உங்களுக்குத் தெரிந்திருந்தாலோ, இதைச் சொல்லுங்கள்; ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். நல்ல மனம் இருந்தால் போதும், கேட்டுப் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்திருந்த ஒருவனுடைய கையிலிருந்து ஓர் உயிர் தப்பியது என்று மட்டும் சொல்லுங்கள், ஏனென்றால் அதுதான் நடந்தது.